ஹோசூரா, ஓசூரா? ஒரு பெயரைத் தேடிப் போன ஃபங்ஷனின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி, ஜூஜூவாடிக்குள்ள நுழையறீங்கன்னு வெச்சுக்குவோம். கன்னடப் பலகைகள் முடிஞ்சு தமிழ்ப் பலகைகள் ஆரம்பிக்கும். ஆனா ஊர் பேர் மட்டும் அவ்வளவு சுத்தமா மாறாது. கன்னடத்துல ‘ஹொச ஊரு’, அதாவது புது ஊர். அதுல இருந்து வந்தது ஹோசூர். அரசுப் பலகையில ஓசூர். டீக்கடையில ரெண்டும் காதுல விழும். மாவட்டத் தலைநகருக்கும் இதே கதைதான்: கிருஷ்ணகிரின்னு எழுதுறவங்க உண்டு, கிருட்டிணகிரின்னு எழுதுறவங்களும் உண்டு. பஸ் கண்டக்டருக்கு இதுல எந்தக் குழப்பமும் இல்ல. எப்படிச் சொன்னாலும் ஒரே டிக்கெட், ஒரே பஸ் ஸ்டாண்ட்.

கம்ப்யூட்டருக்கு இந்தத் தாராளம் கிடையாது. ஒரு எழுத்து மாறினால் அது வேறு பெயர். வேறு பெயர் என்றால் வேறு முகவரி, அல்லது ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்ற பதில்.

இன்னைக்கு எபிசோட் ஒரு ஃபங்ஷனைப் பத்தி. சி மொழியில எழுதின ஒரு சின்ன ஃபங்ஷன். நீங்க போன்ல எந்த ஆப்பைத் திறந்தாலும், அடியில எங்கயோ ஒரு இடத்துல ஒரு பெயரை வாங்கி, அதுக்கான நெட்வொர்க் எண்ணைத் திருப்பித் தரணும். அந்த வேலையோட வரலாறுதான். ப்ரோக்ராம் எழுதத் தெரியணும்னு அவசியம் இல்ல. ஆனா முடிவுல ஒரு கேள்வி இருக்கு. ஹோசூர்ல ஒரு சின்ன பட்டறை தன் பேரைத் தமிழ்ல இன்டர்நெட்ல வைக்கணும்னா, அது எல்லா இடத்துலயும் வேலை செய்யுமா? அந்தக் கேள்விக்கான பதில்ல பாதி, 1970கள்லயே முடிவாயிடுச்சு.

முதலில் ஒரு பட்டியல் இருந்தது. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதன் பெயர் ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெட்வொர்க் தகவல் மையம் ஒன்று இருந்தது. அங்கேதான் அது பராமரிக்கப்பட்டது. 1972-லிருந்து 1989 வரை அந்த மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். எல்லாரும் அவரை ‘ஜேக்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

உங்க கம்ப்யூட்டருக்குப் பேர் வேணுமா? அவங்க ஆபீசுக்குச் சொல்லணும். அவங்க பட்டியல்ல சேர்ப்பாங்க. மத்த எல்லாரும் அந்த ஃபைலோட புதுப் பிரதியை அப்பப்ப இறக்கி வெச்சுக்குவாங்க. ஒரு ஊர்ல ஒரே கிராம நிர்வாக அலுவலர், அவர்கிட்ட ஒரே ரெஜிஸ்டர்னு நினைச்சுக்கங்க. சில நூறு பேர் இருக்கற வரைக்கும் அது போதும்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு விதி இருந்தது. 1985 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 952 என்ற ஆவணத்தில் அது தெளிவாக இருக்கிறது, ஆனால் பழக்கம் அதற்கும் பல வருடம் முந்தையது. பெயர் அதிகபட்சம் 24 எழுத்து. ஆங்கில எழுத்துகள், 0 முதல் 9 வரை எண்கள், ஒரு குறுங்கோடு, ஒரு புள்ளி. அவ்வளவுதான். இதில் யாரும் தமிழையோ ஜப்பானியத்தையோ திட்டமிட்டுத் தள்ளி வைக்கவில்லை. அந்த அறையில் அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. இந்த விதியை ஞாபகத்துல வெச்சுக்கங்க, பின்னாடி திரும்ப வருவோம்.

1983 ஆகஸ்ட். பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து யூனிக்ஸின் ஒரு புதிய பதிப்பு வெளிவருகிறது. 4.2 பிஎஸ்டி என்று பெயர். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு சாதாரண ப்ரோக்ராம் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான வழிமுறை, சாக்கெட் என்று இன்றுவரை நாம் சொல்வது, அதில்தான் பரவலாக வந்தது. கூடவே ஒரு ஃபங்ஷனும் வந்தது: கெட்-ஹோஸ்ட்-பை-நேம். பெயரைச் சொல்லி ஹோஸ்ட்டைக் கேள். பெயரிலேயே விளக்கம் இருக்கிறது.

அது செய்த வேலை ரொம்ப எளிமை. அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறக்கும். வரி வரியாகப் படிக்கும். பெயர் கிடைத்தால் எண்ணைத் தரும்.

இங்கே ஒரு சின்ன விலகல். அந்த ஃபைல் இன்னும் சாகவில்லை. உங்க லேப்டாப்புல விண்டோஸ் இருந்தா, சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ள, டிரைவர்ஸுக்குள்ள, ‘ஈடிசி’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள ஹோஸ்ட்ஸ்னு ஒரு ஃபைல். யூனிக்ஸ் ஆளுங்க வெச்ச அதே பேர். சிப்காட் பக்கம் சின்ன யூனிட்டுகளுக்குள்ள போனீங்கன்னா இதோட இன்னொரு வடிவத்தைப் பார்க்கலாம்: சிஎன்சி மெஷின் பேனல்ல செல்லோடேப் ஒட்டி, மேல மார்க்கர் பேனாவுல 192.168-னு ஆரம்பிக்கிற ஒரு எண். ஜேக் ஃபைன்லரோட பட்டியல், ஒரு வரி சைஸுல.

சரி, திரும்ப வருவோம். அதே 1983 நவம்பரில், தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் மொக்கபெட்ரிஸ் இரண்டு ஆவணங்களை வெளியிட்டார், ஆர்எஃப்சி 882, 883. ஒரே பட்டியல் இனி தாங்காது. பெயர்களை மரம் மாதிரி பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குவோம் என்பது யோசனை. இதுதான் டிஎன்எஸ், டொமைன் நேம் சிஸ்டம். உச்சியில் ரூட். கீழே டாட் காம், டாட் இன் மாதிரி கிளைகள். அதற்குக் கீழே நிறுவனங்கள். ரெவின்யூ துறையில மாவட்டம், வட்டம், ஃபிர்கா, கிராமம்னு பிரிக்கிற மாதிரி. கிருஷ்ணகிரி கலெக்டருக்கு ஒவ்வொரு கிராமத்து சர்வே நம்பரும் மனப்பாடமா தெரிய வேண்டாம், யார்கிட்ட கேட்கணும்னு தெரிஞ்சா போதும்.

1984-ல் பெர்க்லியில் நான்கு மாணவர்கள், டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிகிள், சாங்னியன் ஜோ, இதை யூனிக்ஸில் ஓடும் மென்பொருளாக எழுதினார்கள். பைண்ட் என்று பெயர். (பின்னாளில் ஓசூரில் வாட்ச் தயாரித்த டைட்டன் கம்பெனி பதிவானதும் அதே 1984-ல்தான். தொடர்பு ஒண்ணும் இல்ல, காலத்தை மனசுல நிறுத்திக்கச் சொல்றேன்.) 1986-ல் வந்த 4.3 பிஎஸ்டியில் பைண்ட் சேர்ந்தே வந்தது.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையோட முக்கியமான திருப்பம் இங்கதான். டிஎன்எஸ் வந்தது, ஆனா கெட்-ஹோஸ்ட்-பை-நேம் அப்படியே இருந்தது. அதே பேர், அதே அழைப்பு. ப்ரோக்ராம் எழுதினவங்க ஒரு வரிகூட மாத்த வேண்டாம். புது லைப்ரரியோட இணைச்சா போதும். நேத்து வரைக்கும் உள்ளூர் ஃபைலைப் படிச்ச ஃபங்ஷன், இன்னைக்கு நெட்வொர்க்ல கிளம்பிப் போயி யார்கிட்டயோ கேட்டுட்டு வருது.

இது பெரிய சாமர்த்தியம். இதனால்தான் டிஎன்எஸ் அவ்வளவு வேகமாகப் பரவ முடிந்தது. ஆனால் இதற்கு விலையும் இருந்தது. ஃபைலைப் படிப்பது கண் சிமிட்டுவதற்குள் முடியும். நெட்வொர்க்கில் கேட்பது பல நொடிகள் ஆகலாம், பதிலே வராமலும் போகலாம். ஃபங்ஷனின் முகத்தைப் பார்த்து அந்த வித்தியாசம் தெரியாது. அது திரும்பி வரும்வரை ப்ரோக்ராம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். நெட் கொஞ்சம் மந்தமானா ஆப் மொத்தமா உறைஞ்சு நிக்குதே, அப்படி நிக்கிறதுக்குப் பல காரணம் உண்டு. இது அதுல ஒண்ணு, நாற்பது வருஷப் பழசு.

இன்னொரு பிரச்சனை, பதிலை எங்கே எழுதுகிறது என்பது. அந்த ஃபங்ஷனிடம் ஒரே ஒரு சிலேட்தான் இருந்தது. பதிலை அதில் எழுதி, சிலேட்டைக் கையால் காட்டும். அடுத்த கேள்வி கேட்டால் பழைய பதிலை அழித்துவிட்டு அதிலேயே எழுதும். ஒரு நேரத்தில் ஒருவர் கேட்டால் சரி. ஒரே ப்ரோக்ராமுக்குள் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கேட்டால், ஒருத்தர் கேட்ட முகவரி இன்னொருத்தர் கையில் போய்ச் சேரும்.

முதல் பதிப்பில் ஒரு பெயருக்கு ஒரு முகவரிதான் திருப்பித் தந்தது. 4.3-ல் பல முகவரிகளின் பட்டியலாக மாற்றினார்கள். அப்போ பழைய ப்ரோக்ராம்கள் என்னாகும்? பழைய பெயரை அப்படியே வைத்து, ‘இந்தப் பெயர் சொன்னால் பட்டியலின் முதல் உருப்படி என்று எடுத்துக்கொள்’ என்று ஒரே ஒரு வரி டிஃபைன் போட்டார்கள். இந்த ஃபங்ஷனின் குணம் மொத்தமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வெளியே எதுவும் மாறாத மாதிரி காட்டு, மாற்றத்தை அடியில் மறை.

அந்த வித்தை ஒரு இடத்தில் எடுபடவில்லை. பழைய இணைய முகவரி 32 பிட், அதாவது நான்கு பைட். 1995 டிசம்பரில் ஐபிவி6 விவரக்குறிப்பு வந்தபோது முகவரி 128 பிட், பதினாறு பைட் ஆனது. பழைய ஃபங்ஷனின் பதிலில் ‘முகவரியின் நீளம் இவ்வளவு’ என்று சொல்ல ஒரு கட்டம் இருக்கத்தான் செய்தது. ஆனால் பல ப்ரோக்ராமர்கள் அதைப் பார்க்காமல் நேராக நான்கு பைட்டை எடுத்துப் போட்டார்கள். ‘எனக்கு ஐபிவி6 முகவரி வேண்டும்’ என்று கேட்கவும் அந்த ஃபங்ஷனில் வழி இல்லை.

அதனால் புதிதாக ஒன்று வந்தது: கெட்-அட்ரின்ஃபோ. 1997 ஏப்ரலில் ஆர்எஃப்சி 2133-ல் அது விவரிக்கப்பட்டது, 1999-லும் 2003-லும் திருத்தப்பட்டது. ஒரே சிலேட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு கேள்விக்கும் புதுத் தாள். பதில் ஒரு சங்கிலியாக வரும்: இந்த முகவரியை முயற்சி செய், கிடைக்கவில்லையா, அடுத்தது இது. வாங்கினவர் வேலை முடிந்ததும் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்குத் தனி ஃபங்ஷன். முக்கியமாக, எந்த வகை முகவரி என்று கவலைப்படாமலே ப்ரோக்ராம் எழுதலாம்.

இதைப் பரப்பியதில் ஜப்பானின் ஜுன்-இசிரோ ஹகினோவுக்குப் பெரிய பங்கு உண்டு. இணைய உலகில் அவர் பெயர் ‘இட்டோஜுன்’. 1998-ல் தொடங்கிய காமே திட்டத்தின் வழியாக பிஎஸ்டி குடும்பத்துக்கு ஐபிவி6-ஐக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். நான்கு பைட் என்று எங்கேயும் எழுதாதே, முகவரியின் உள்ளே எட்டிப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 2007 அக்டோபரில், நாற்பது வயதைத் தொடுமுன்பே, இறந்துவிட்டார். 2008-ல் யூனிக்ஸுக்கான போசிக்ஸ் தரநிலை பழைய கெட்-ஹோஸ்ட்-பை-நேமை நீக்கியது.

நீக்கினது காகிதத்துல. நிஜத்துல ஓடிக்கிட்டேதான் இருந்தது. 2015 ஜனவரி 27 அன்று, குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் லினக்ஸின் சி லைப்ரரியில் ஒரு ஓட்டையை வெளியிட்டது. கெட்-ஹோஸ்ட்-பை-நேம் என்ற பெயரை வைத்தே அதற்கு ‘கோஸ்ட்’ என்று பேர் வைத்தார்கள். சரியாக வடிவமைத்த ஒரு பெயரைக் கொடுத்தால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டிச் சில பைட் எழுதிவிடும். அந்தத் தவறு 2000 நவம்பரில் வந்த பதிப்பிலிருந்தே உள்ளே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், 2013-லேயே யாரோ அதைச் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அது பாதுகாப்புப் பிரச்சனை என்று யாரும் கவனிக்கவில்லை. அதனால் பழைய பதிப்பில் ஓடிய சர்வர்கள் அப்படியே இருந்தன. ஒரு வருடம் கழித்து, 2016 பிப்ரவரியில், புது ஃபங்ஷனான கெட்-அட்ரின்ஃபோவிலும் அதே லைப்ரரியில் இன்னொரு ஓட்டை. சி மொழியில் இடத்தின் அளவை மனிதர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். முகம் தெரியாத யாரோ அனுப்பும் பதிலை வாங்கிப் பிரிக்கிற வேலைக்கு அது ஆபத்தான மொழி. ரஸ்ட் மாதிரி மொழிகள் வந்ததற்கு இப்படிப்பட்ட தவறுகள் ஒரு காரணம்.

இப்ப எழுத்து விஷயத்துக்கு வருவோம். அந்த ஆங்கில எழுத்து விதி.

பலர் நினைப்பது, டிஎன்எஸ் ஆங்கிலத்துக்காகவே செய்யப்பட்டது, தமிழ் உள்ளே போகவே போகாது என்று. அப்படி இல்லை. டிஎன்எஸ் நெறிமுறையைப் பார்த்தால், ஒரு பெயரின் ஒவ்வொரு துண்டும் 63 பைட் வரை இருக்கலாம், அதில் எந்த பைட் வேண்டுமானாலும் வரலாம். 1997-ல் ஆர்எஃப்சி 2181 இதை வெளிப்படையாகவே சொன்னது. தடை நெறிமுறையில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. ஃபைன்லர் காலத்துப் பட்டியலின் விதியை அப்படியே மனதில் வைத்து, ஆயிரக்கணக்கான ப்ரோக்ராம்கள் ‘ஆங்கில எழுத்து இல்லையா, தள்ளு’ என்று எழுதப்பட்டிருந்தன. மெயில் சர்வர்கள், ரவுட்டர்கள், படிவங்கள், எல்லாம். பட்டியலைத் தூக்கிப் போட்டாச்சு, பட்டியலோட சட்டம் மட்டும் உட்கார்ந்துடுச்சு.

இதை உடைக்க நடந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்றில் தமிழுக்குப் பக்கத்து உறவு உண்டு. சிங்கப்பூர். நான்கு ஆட்சிமொழிகள், அதில் ஒன்று தமிழ். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1997 மே மாதம் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது. தமிழை இணையத்தில் எப்படிக் குறியீடு செய்வது என்று உலகத் தமிழர்கள் கூடிப் பேசிய முதல் பெரிய கூட்டம். அதன் பின்னால் இருந்தவர்கள் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியும், அவரோடு சேர்ந்து உழைத்த பேராசிரியர் டான் டின் வீயும். அதே டான் டின் வீ தலைமையிலான குழுதான் அடுத்த வருடம், 1998-ல், அதே பல்கலைக்கழகத்தில் பன்மொழி டொமைன் பெயர்களுக்கான வேலையைத் தொடங்கியது. பின்னர் பேராசிரியர் எஸ். சுப்பையா தலைமையிலான ஒரு நிறுவனத்தின் கீழ் அது தொடர்ந்தது. ஆங்கிலம் மட்டும் போதும்னு நினைச்ச இடத்துல இருந்து இந்தக் கேள்வி வரல. நாலு மொழியில பலகை வைக்கிற ஊர்ல இருந்து வந்தது.

உலகம் ஏற்றுக்கொண்ட தீர்வு 2003 மார்ச்சில் வந்தது. பெயர் ப்யூனிகோட், எழுதியவர் ஆடம் காஸ்டெல்லோ. யோசனை பழைய பாணிதான்: அடியில் இருப்பவர்கள் யாரையும் மாற்றச் சொல்லாதே. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்து, எண், குறுங்கோடு மட்டுமே உள்ள வேஷத்துக்கு மாற்று. பழைய ப்ரோக்ராம்கள் எல்லாம் அதைச் சாதாரண ஆங்கிலப் பெயர் என்றே நினைக்கட்டும். தமிழ் மறுபடி தெரிவது உங்கள் திரையில் மட்டும்.

‘இந்தியா’ன்னு தமிழ்ல எழுதினா, டிஎன்எஸ்ஸுக்கு அது எப்படிப் போகுது தெரியுமா? நிதானமா படிக்கிறேன்: எக்ஸ், என், ரெண்டு குறுங்கோடு, எக்ஸ், கே, சி, ரெண்டு, டி, எல், மூணு, ஏ, அஞ்சு, ஈ, ஈ, பூஜ்யம், ஹெச். பதினேழு எழுத்து. இதுதான் நம்ம நாட்டோட தமிழ்ப் பேர், மெஷினோட பதிவேட்டுல.

2007 அக்டோபரில் ரூட்டில் பதினொரு சோதனைப் பெயர்கள் சேர்க்கப்பட்டன. தமிழுக்கு வைத்த பெயர் ‘பரிட்சை’. ஆமா, குறில் ரி போட்டு. ‘பரீட்சை’ன்னு நெடில் போட்டு எழுதினா அந்தப் பரிட்சைக்கே போக முடியாது. எழுத்துப் பிழை பார்க்கிற தமிழாசிரியருக்கு ரூட் சர்வர்ல ஒரு வேலை இருந்திருக்கு. 2010-ல் ‘இலங்கை’ ரூட்டுக்குள் வந்தது. 2011-ல் ‘சிங்கப்பூர்’, ‘இந்தியா’ இரண்டும். டாட் இன் என்ற கிளை 1989 மே மாதமே உருவாகிவிட்டது. தமிழ்ப் பெயர் அதே மரத்தில் உட்கார இருபத்திரண்டு வருடம் ஆனது.

பெயர் உள்ளே வந்துவிட்டது. இனி ஹோசூர்ப் பிரச்சனை.

ஓசூர் என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடு, யூடிஎஃப்-8ல் பதினைந்து பைட். கிருஷ்ணகிரி கண்ணுக்கு ஆறு எழுத்து. பதினொரு குறியீடு, முப்பத்து மூன்று பைட். ஹோசூர் இன்னும் சுவாரசியம். அதில் வரும் ‘ஹோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஹ-வுக்குப் பிறகு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது ஏகாரக் கொம்பு தனியாக, கால் தனியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பைட் கணக்கில் வேறு வேறு. நல்ல வேளை, இதற்கு யூனிகோடே வழி சொல்லியிருக்கிறது: ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துவிடு. டொமைன் பெயர்களுக்கு அது கட்டாயம்.

ஆனால் ‘ஸ்ரீ’? சிப்காட், சிட்கோ பக்கம் ஒரு ரவுண்டு வாங்க. ஸ்ரீ போட்டு, ஒரு சாமி பேர் போட்டு, அப்புறம் இண்டஸ்ட்ரீஸ் அல்லது என்ஜினியரிங் ஒர்க்ஸ். எண்ண ஆரம்பிச்சா விட்டுடுவீங்க. இந்த ஸ்ரீயை நம்மில் பெரும்பாலோர் தட்டச்சு செய்வது ஸ்-ல் தொடங்கி. 2005-ல் யூனிகோட் 4.1 பதிப்பில் ‘ஶ’ என்று தனி எழுத்து சேர்ந்தது. யூனிகோட் கணக்குப்படி ஸ்ரீ அதிலிருந்து வர வேண்டும். பல ஃபான்ட்டுகளில் இரண்டும் ஒரே படமாகத் தெரியும். மேலே சொன்ன ஒரே-வடிவ விதி இங்கே உதவாது, ஏனென்றால் யூனிகோடுக்கு இவை உண்மையிலேயே இரு வேறு சொற்கள்.

இது அகராதிச் சண்டை இல்லை. ஒரு பட்டறை தன் பெயரை ஒரு ஸ்ரீயில் பதிவு செய்கிறது. இன்னொருத்தர் அதே பெயரை மற்ற ஸ்ரீயில் பதிவு செய்கிறார். வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போகிறது: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, விவரம் இணையதளத்தில்.’ கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கெட்-அட்ரின்ஃபோவிடம் கேட்டால் இரண்டுக்கும் நேர்மையாக, தனித்தனியாக, சரியான முகவரி தரும். அது கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

அதனால்தான் ரூட்டுக்கான தமிழ் எழுத்து விதிகள், 2019-ல் வந்தவை, இந்த இரண்டு ஸ்ரீயையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று குறித்து வைத்திருக்கின்றன. ஒருத்தருக்கு ஒன்று கொடுத்தால் மற்றது இன்னொருத்தருக்குப் போகக் கூடாது. ‘ஔ’ என்ற எழுத்துக்கும், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துப் போடுவதற்கும் இதே ஏற்பாடு. ஓசூரும் ஹோசூரும் மட்டும் விதிப்படி இரண்டு பெயர்கள்தான். வேண்டுமானால் இரண்டையும் வாங்கிப் போடுங்கள். பஸ் கண்டக்டர் இங்க கிடையாது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். அரசாங்கம் வாபஸ் வாங்க முடிந்தது. நிரல்களில் பதிந்த விதியை அப்படி வாபஸ் வாங்க ஆள் இல்லை.

கடைசியா, நம்ம பட்டறைக் கேள்வி. தமிழ்ப் பெயரை வாங்கியாச்சு. பிரவுசர்ல தட்டினா வேலை செய்யும், ஏன்னா வேஷம் போடுற வேலையை பிரவுசரே பார்த்துக்குது. ஆனா பிரவுசர் மட்டும்தான் இன்டர்நெட்டா? பில்லிங் சாஃப்ட்வேர், அட்டெண்டன்ஸ் மெஷின், சரக்கு எங்க போகுதுன்னு பார்க்கிற ஜிபிஎஸ் பெட்டி, எல்லாத்துக்குள்ளயும் யாரோ எழுதின ஒரு ப்ரோக்ராம் முகவரி தேடுது.

லினக்ஸில் சி மொழியில் எழுதினால், கெட்-அட்ரின்ஃபோவிடம் தமிழ்ப் பெயரை அப்படியே கொடுத்தால் அது வேஷம் போடாது. கொடுத்த பைட்டுகளை வைத்துத் தேடும், அப்படி ஒரு பெயர் தெரியாது என்று திரும்பி வரும். வேஷம் போட வேண்டுமென்றால் ஒரு கொடியைச் சேர்க்க வேண்டும்: ஏஐ-ஐடிஎன். இந்த ஏஐ செயற்கை நுண்ணறிவு இல்ல, அட்ரஸ் இன்ஃபோ! அந்தக் கொடி க்னூ லைப்ரரியின் கூடுதல் வசதி. பொதுத் தரநிலையில் இல்லை. தானாக எழுந்து நிற்காது, ப்ரோக்ராமர் ஞாபகம் வைத்து எழுப்ப வேண்டும்.

ரஸ்ட்ல எழுதினா? அங்க ஸ்ட்ரிங்னாலே யூடிஎஃப்-8. கிருஷ்ணகிரியை ஒரு புள்ளி சிதறாம வெச்சுக்கும். இடத்தைத் தாண்டி எழுதுற பழைய தவறுகள் ரஸ்ட் பக்கம் நடக்காது. ஆனா யூனிக்ஸ்ல ரஸ்ட்டோட அடிப்படை லைப்ரரி முகவரி தேடுறதுக்கு இன்னும் அந்த சி ஃபங்ஷனைத்தான் கூப்பிடுது, அந்தக் கொடி இல்லாம. யூஆர்எல் பிரிக்கிற தனி லைப்ரரி வழியாப் போனா வேஷம் போட்டுக் கொடுத்துடும். நேரா சாக்கெட்டுக்குப் போனா, நீங்களே போட்டாகணும். கோ மொழி தனக்குன்னு ஒரு தேடும் நிரலே வெச்சிருக்கு, சில சூழல்ல சி-கிட்டயும் போகும். அங்கயும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான்: வெப் பக்கம் எடுக்கிற லைப்ரரி மாத்திக்கும், கீழ்மட்டத்துல நேரா இணைச்சா மாத்தாது.

உங்கள்ல யாராவது இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதுறவங்களா இருந்தா, இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. உங்க ப்ரோக்ராம்ல சர்வர் பேர் கேட்கிற இடத்துல டாட் இந்தியாவுல முடியுற ஒரு தமிழ்ப் பேரைத் தமிழ்லயே போடுங்க. என்ன வந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க. எரர் மெசேஜ் வந்தா அதையும் அப்படியே சேர்த்து.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.